‘இல்லை’ என்று சொல்லாத ஆன்சி

ஆன்சி என்ன வேலை பார்க்கிறாள் என்று இராயபுரத்தில் அவள் தெருவில் கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு பதில் வரும். ராக்கெட் விடுகிறாள் என்பார் மாவு மில்காரர். அமெரிக்காக்காரனுக்குக் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுத் தருகிறாள் என்பார்கள் எதிர்வீட்டில். அவளுடைய அம்மா பிலோமி மட்டும், மார்க்கெட்டில் மீன் கூறு கட்டிக்கொண்டே வேறு மாதிரி சொல்வாள்: "இருக்குதோ இல்லியோன்னே தெரியாத ஒண்ண என் பொண்ணு தேடிகினு கீது. கெடைச்சா உலகத்துக்கே நல்லதாம்." கேட்டவர்கள் நெத்திலியை வாங்கிக்கொண்டு பேசாமல் போய்விடுவார்கள்.

பிலோமி சொன்னதில் தப்பில்லை. அமெரிக்காவில் ஓர் இடத்தில் புரோட்டான்களை வேகமாக ஓட்டிக்கொண்டு போய் ஒரு கெட்டித் துண்டின் மேல் மோதவிடுகிறார்கள். அந்த மோதலின் விளைவாக நியூட்ரினோ என்ற துகள்கள் கூட்டம் கூட்டமாகப் பிறக்கின்றன. மண், பாறை, சுவர் எதையும் மதிக்காமல் ஊடுருவிப் போகிற ரகம் அவை. கொஞ்ச தூரம் தள்ளி, உறைய வைக்கும் குளிரில் ஆர்கான் திரவம் நிரம்பிய பெரிய தொட்டி ஒன்று இருக்கிறது. கோடானுகோடியில் ஏதோ ஒரு நியூட்ரினோ அதற்குள் மோதினால் கோடு விழும். இந்த நியூட்ரினோக்களோடு சேர்ந்து, நமக்குத் தெரிந்த எந்த வகையிலும் அடங்காத வேறொரு துகளும் பிறந்து அதே பாதையில் வருகிறதா என்பதுதான் ஆன்சியின் கேள்வி. டார்க் செக்டர் என்று பேர் வைத்திருக்கிறார்கள். வெளிச்சத்தோடு ஒட்டும் இல்லாமல் உறவும் இல்லாமல் தனியாக வாழும் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். அந்தக் குடும்பத்தில் ஒன்று தொட்டிக்குள் வந்து உடைந்தால், ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து இரண்டு கோடுகள் கிளம்பும். அந்த இரண்டு கோட்டைத்தான் ஆன்சி வருஷக்கணக்கில் தேடினாள்.

தொட்டியை எந்நேரமும் யாராவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அங்கே ராத்திரி என்றால் நமக்குப் பகல். ஆகவே அமெரிக்காவின் தூக்கம் கெட்ட டூட்டியெல்லாம் ஆன்சியின் தலையில் விழுந்தது. தான் வேலை செய்யும் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போகாத நாட்களில் வீட்டு முன்னறையில் இரண்டு திரைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். பக்கத்தில் பிலோமி மத்தி பொரிப்பாள். வெளியே கன்டெய்னர் லாரிகள் ஹாரன் அடித்துக் கூட்டத்தை விலக்கும். இதற்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, கடல் தாண்டி இருக்கும் தொட்டியின் அழுத்தமும் குளிரும் சரியாக இருக்கிறதா என்று அவள் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அந்தத் தொழிலில் ஓர் ஒழுங்கு உண்டு. தேடியது கிடைக்காவிட்டால் ‘இல்லை’ என்று எழுத மாட்டார்கள். இருக்குமானால் இந்த அளவுக்குக் கீழேதான் இருக்க முடியும் என்று ஓர் எல்லையைப் போட்டுவிட்டு நகர்வார்கள். அடுத்து வருபவர்கள் அந்த எல்லையை இன்னும் கொஞ்சம் கீழே தள்ளுவார்கள். தள்ளிக்கொண்டே போகலாம், பூஜ்ஜியத்தை மட்டும் ஒருநாளும் தொட முடியாது. ஆன்சியிடம் படிக்கும் பிள்ளைகள் வாய் தவறி "அந்தத் துகள் இல்லை மேடம்" என்று சொல்லிவிட்டால் போச்சு. "நீ போய்ப் பாத்தியா? நம்ம தொட்டிக்குத் தெரியல, அவ்ளோதான்" என்று பிடித்துக்கொள்வாள். இன்னொரு ஒழுங்கும் இருந்தது. முக்கியமான தரவைக் கடைசிவரை யாரும் திறந்து பார்க்கக் கூடாது. பார்த்துவிட்டால் மனசு தான் ஆசைப்படுகிற பக்கம் சாயும், சாய்ந்த மனசு கணக்கையும் சாய்க்கும். மனிதர்களை நம்பாத இந்த ஒழுங்கின் மேல் ஆன்சிக்கு அப்படியொரு பக்தி.

இப்போது வில்சனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆன்சியின் ஒரே தம்பி. அப்பா துறைமுகத்தில் வேலை செய்து காலமானவர். அக்கா படிக்கப் போனதால் தம்பி காசிமேட்டில் விசைப்படகு ஏறினான். ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஆந்திரா பக்கம் போயிருந்தபோது, விடியற்காலம் வலை இழுக்கும் நேரத்தில் காற்று திரும்பி ஓர் அலை படகைத் தூக்கி அடித்தது. வில்சன் பின்பக்கம் நின்றிருந்தான். அலை இறங்கியபோது அந்த இடத்தில் ஆள் இல்லை. கூட இருந்தவர்கள் கத்திக் கத்தித் தேடினார்கள். கடலோரக் காவல்படையின் கப்பல் தேடியது. காசிமேட்டிலிருந்து வேறு படகுகளும் தொழிலைப் போட்டுவிட்டுப் போய்த் தேடின. உடல் கிடைக்கவில்லை.

உடல் கிடைக்காத வீட்டில் சாவு எடுக்க முடியாது. பிலோமி மகனுக்குத் துக்கப் பூசை வைக்கவே விடவில்லை. கல்லறைத் திருநாளன்று கோயிலில் இறந்தவர்களின் பெயர்களை வாசிப்பார்கள். புருஷன் பெயரைக் கொடுப்பாள், மகன் பெயரைக் கொடுக்க மாட்டாள். அது மட்டுமா, மாதம் தவறாமல் ‘வில்சனின் உடல் சுகத்துக்காக’ என்று பூசையில் வேண்டிக்கொள்ள ஒரு கருத்தும் எழுதிக் கொடுத்து வந்தாள். அதைப் பங்குச் சாமியார் ஒலிபெருக்கியில் வாசிக்கும்போது கோயிலில் பாதிப் பேர் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

ஒருநாள் மத்தியானம் ஆன்சி திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பிலோமி வந்து கேட்டாள்.

"ஏண்டி, தேடித் தேடி கெடைக்கலன்னா உங்க ஆளுங்க இன்னா பண்ணுவாங்க?"

"இல்லன்னு சொல்ல மாட்டோம்மா. இன்னும் பெரிசா ஒரு தொட்டி கட்டுவோம்."

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்ன பதில். பிலோமி முகம் மலர்ந்துபோய் அடுப்படிக்குத் திரும்பினாள். தான் என்ன சொல்லிவிட்டோம் என்று ஆன்சி கவனிக்கவே இல்லை.

வில்சனின் மனைவி லூர்து அந்த வீட்டிலேயேதான் இருந்தாள். கல்யாணமாகி இரண்டாம் வருஷம் இது நடந்தது, குழந்தை கிடையாது. எண்ணூர் பக்கம் ஓர் இறால் கம்பெனியில் வேலை. காலையில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும், பொழுது சாயும்போது கொண்டுவந்து விடும். தாலி கழுத்தில்தான் இருந்தது. பொட்டும் பூவும் வைத்தால் மாமியார் சந்தோஷப்படுகிறாள் என்று வைத்துக்கொண்டாள். வைத்துக்கொண்டு வெளியே போனால் தெருவில் சில பெண்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள். முப்பது வயதுகூட ஆகாத ஒரு பெண் கட்டினவளும் இல்லாமல், இழந்தவளும் இல்லாமல் எத்தனை வருஷம் அந்த வேனில் ஏறி இறங்குவாள்?

கம்பெனியில் கூட வேலை செய்த பெண்ணின் அண்ணன் ஸ்டானிஸ்லாஸ். மீஞ்சூரில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் பம்பு ஆபரேட்டர். மனைவியைக் காய்ச்சலில் பறிகொடுத்தவர், சின்ன மகள் ஒருத்தி உண்டு. அதிகம் பேச மாட்டார். லூர்துவைக் கட்டிக்கொள்ள விருப்பம் என்று தங்கையிடம் சொல்லி அனுப்பினார். லூர்து அதை முதலில் ஆன்சியிடம்தான் சொன்னாள்.

"அண்ணி, ஒண்ணு சொல்லுவேன், திட்டக் கூடாது."

சொல்லி முடிப்பதற்குள் ஆன்சி அவளைக் கட்டிக்கொண்டாள். "பைத்தியமே, இதுக்கு நான் ஏன் திட்டப்போறேன்? பண்ணிக்க லூர்து. நான் இருக்கேன்." வாய்ப்பேச்சாக இல்லை. உண்மையிலேயே அவள் மனசு குளிர்ந்துபோனது. அன்று இரண்டு பேரும் சேர்ந்து அழுதார்கள், சிரித்தார்கள், பழைய கதையெல்லாம் பேசினார்கள்.

ஆனால் கோயிலில் மறுமணம் செய்ய வேண்டுமென்றால் முதல் புருஷன் இறந்துவிட்டான் என்று ஆயர், பிஷப் என்பார்களே, அவர் அறிவிக்க வேண்டும். வருஷம் ஓடிவிட்டது என்பது மட்டும் போதாது. சாட்சிகளை விசாரித்து, ஆள் இறந்துவிட்டான் என்ற உறுதி வர வேண்டும். படகில் இருந்தவர்கள் வந்து பங்குச் சாமியாரிடம் பார்த்ததைச் சொல்லிவிட்டுப் போனார்கள். பாக்கி, குடும்பத்தார். பிலோமி ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட்டாள்.

"நான் வர்ல. எனக்கு இன்னா தெரியும்? ஆன்சி படிச்சவ, அவ சொல்லட்டும். அவ போய்ட்டான்னு சொன்னா நானும் சொல்றேன்."

அந்த வாரம்தான் அமெரிக்காவில் பெட்டியைத் திறந்தார்கள். பூட்டி வைத்திருந்த தரவை எல்லோரும் ஒரே நேரத்தில் திரையில் பார்த்தார்கள். இரண்டு கோடுகள் கிளம்பிய நிகழ்வுகள் சில இருந்தன. ஆனால் சாதாரண நியூட்ரினோக்களே அப்படி வேஷம் போடும் என்று எதிர்பார்த்த அளவுக்குத்தான் இருந்தன, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஆன்சியின் கணக்கு அச்சாகப் பொருந்தியது. புது எல்லை, இதற்கு முன் யாரும் போட முடியாத எல்லை. நாலு நாட்டிலிருந்து கைதட்டினார்கள். கிடைக்காததற்குக் கைதட்டல் வாங்குகிற தொழில் வேறு எங்கே இருக்கிறது? அவளுக்குப் பெருமையாகவும் இருந்தது, பிரசவம் பார்க்கப் போய் வெறுங்கையோடு திரும்பியவள் போல வெறுமையாகவும் இருந்தது.

அந்த மனசோடுதான் சாட்சி சொல்லப் போனாள். சாமியார் வீட்டு முன்னறை. வெளியே பெஞ்சில் லூர்து. ஆன்சி வேதாகமத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தாள். பிறந்தது, வளர்ந்தது, கடலுக்குப் போனது எல்லாவற்றுக்கும் கோவையாகப் பதில் சொன்னாள். கடைசியில் சாமியார் கேட்டார்.

"உங்க தம்பி வில்சன் இறந்துட்டார்னு நிச்சயமா நம்புறீங்களா?"

"உயிரோட இருக்க வாய்ப்பு ரொம்ப ரொம்பக் குறைவு, ஃபாதர்."

"அது தெரியும்மா. நான் கேக்கறது, நிச்சயமா?"

ஆன்சிக்குப் பாடம் நடத்துகிற குரல் வந்துவிட்டது.

"நிச்சயம்னு சொல்ல எங்கிட்ட ஆதாரம் இல்லை, ஃபாதர். உடல் கிடைக்கல. பிழைச்சிருக்கிற வாய்ப்பு இந்த அளவுக்கு மேல இருக்காதுன்னு வேணா சொல்லலாம். அதுக்கு மேல சொன்னா அது பொய்."

சாமியார் பேனாவை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார். "இப்படியே எழுதிக்கட்டுமா?"

"எழுதுங்க, ஃபாதர். உண்மை அதுதான்."

எனக்கு இந்த இடத்தில் ஆன்சி மேல் கோபம் கோபமாக வருகிறது. எதிரே உட்கார்ந்திருந்தவர் எந்தப் பத்திரிகைக்கும் கட்டுரை கேட்கவில்லை. வெளியே பெஞ்சில் ஒரு பெண்ணின் வாழ்க்கை காத்துக்கொண்டிருந்தது. கதவு திறந்துதான் இருந்தது, லூர்துவுக்கு எல்லாம் காதில் விழுந்தது.

பிலோமிக்குத் தலைகால் புரியவில்லை. "கடசீல என் பொண்ணு சத்தியத்த சொல்ட்டா பாத்தியா! போய்ட்டான்னு எவன் சொன்னாலும் நம்ப மாட்டேன் இனிமே" என்று மார்க்கெட் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். லூர்துவின் தலையில் ஒரு முழம் மல்லியைத் தானே வாங்கி வந்து வைத்தாள்.

ஆயர் இல்லத்திலிருந்து பதில் வந்தது. கூடப் பிறந்தவருக்கே உறுதி இல்லாதபோது எங்களால் அறிவிக்க முடியாது, மேலும் விசாரிக்கவும் என்று பதில். அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஸ்டானிஸ்லாஸ் கோயில் வாசலில் ஆன்சிக்காக நின்றார்.

"மேடம், ஒரே ஒரு வார்த்தை. அவுரு வருவாரா, வரமாட்டாரா?"

"வர்றதுக்கான வாய்ப்பு அநேகமா இல்லாத அளவுக்குக் கம்மிங்க."

"அப்ப வரமாட்டாரு."

"அப்படி ஒரேடியா..."

"நான் அதிகம் படிக்கல மேடம். எங்கம்மா முடியாம கீறாங்க, கொழந்தைய பாத்துக்க ஆள் இல்ல. நீங்க சொல்ற மாதிரி கம்மி கம்மின்னு எத்தினி நாளு நான் நிக்கறது? லூர்துக்காக நிப்பேன். ஆனா முடிவுன்னு ஒண்ணு வேணும்ல?"

ஆன்சி யோசித்துச் சொல்கிறேன் என்றாள். யோசித்துக்கொண்டே ஒரு மழைக்காலத்தைக் கடத்தினாள். கட்டுரை எழுத வேண்டியிருந்தது, திருத்த வேண்டியிருந்தது, வெளிநாட்டில் போய்ப் பேச வேண்டியிருந்தது. சாமியார் வீடு நடந்து போகிற தூரம்தான்.

ஈஸ்டர் பாஸ்கா முடிந்து கொஞ்ச நாளில், லூர்து வேலையிலிருந்து வந்து எலுமிச்சைத் தோலால் விரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு தேய்த்தாலும் இறால் வாடை போகாது. ஆன்சி திரைக்கு முன்னால் இருந்தாள்.

"அண்ணி, அவருக்குக் கல்யாணம் முடிஞ்சிபோச்சு. பழவேற்காட்டுப் பொண்ணு."

ஆன்சி திரையை விட்டு எழுந்தாள். "லூர்து, நான் நாளைக்கே ஃபாதர்கிட்ட..."

"இனிமே இன்னாத்துக்கு அண்ணி?" லூர்து கத்தவில்லை. கத்தியிருந்தால் ஆன்சிக்குத் தேவலாம் போல இருந்திருக்கும். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், கணக்கெல்லாம் சொல்லாத. அவரு செத்துட்டாருன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"எப்பத்திலேந்து?"

"போட்காரங்க வந்து வாசல்ல நின்ன அன்னிக்கே."

"அப்ப ஏன் சொல்லல?"

சொல்வதற்கு அவளிடம் நேர்த்தியான பதில்கள் இருந்தன. ஒழுங்கு, ஆதாரம், உண்மை. அதில் எதுவும் காரணம் இல்லை. உண்மையில் அவளால் அதைச் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான். தூக்கி வளர்த்த தம்பியை, தன் வாயால், சத்தியம் செய்து, சாகடிக்க அவளுக்குத் துணிச்சல் இல்லை. பள்ளிக்கூட வாசலில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போக மாட்டேன் என்று அழுதவன் அவன். ஆசை வந்து கணக்கைச் சாய்த்துவிடக் கூடாது என்று அமெரிக்காவில் பெட்டியைப் பூட்டி வைத்தவள், இங்கே ஆசை சொன்னதைச் சொல்லிவிட்டு அதற்கு உண்மை என்று பேர் வைத்துவிட்டாள்.

"என்னால முடியல லூர்து" என்றாள். "நான் சொன்னா அவன் நிஜமா செத்துடுவான் போல இருந்திச்சு."

லூர்து எலுமிச்சைத் தோலைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போனாள். அவள் அழுவது கேட்கவில்லை. ஆன்சி டூட்டியை வேறொருவர் தலையில் கட்டிவிட்டு, மார்க்கெட்டுக்கு நடந்தாள். பிலோமி விற்காத சங்கரா மீனை ஐஸ் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஆன்சி அவள் பக்கத்தில் ஈரத் தரையில் உட்கார்ந்தாள்.

"அம்மா, வில்சன் இல்லம்மா. செத்துட்டான்."

தன் ஆயுளில் ஆன்சி அந்த வார்த்தையை அவ்வளவு முழுசாகச் சொன்னது அன்றைக்குத்தான். பிலோமி அடிப்பாள் என்று நினைத்தாள். அடிக்கவில்லை. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு மகளின் முகத்தைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"எனக்குத் தெரியாதா? பெத்தவளுக்குத் தெரியாதா?" என்றாள். "நீ சொல்லலியேடி. இத்தினி படிச்ச நீயே சொல்லல, அப்ப ஏதோ கீது போலன்னு தான நான் கெடந்தேன். நீ அப்பவே சொல்லியிருந்தா நானும் விட்டிருப்பேனே. அந்தப் பொண்ணும் பொழச்சிருக்குமே."

அப்புறம்தான் அழுதாள். ஐந்து வருஷத்து அழுகை. பக்கத்துக் கடைப் பெண்கள் ஓடி வந்து பிடித்துக்கொண்டார்கள். ஆன்சிக்கு ஆறுதல் சொல்ல யாரும் இல்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை.

மறுநாளே தாயும் மகளும் போய்ச் சாட்சி சொன்னார்கள். அறிவிப்பு வந்தது. லூர்து இனி யாரை வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம் என்று ஆனது. அவள் தாலியைக் கழற்றி மாமியார் கையில் கொடுத்தாள், காலையில் வழக்கம்போல வேன் ஏறினாள்.

வில்சனுக்குத் துக்கப் பூசை ஒரு சனிக்கிழமை நடந்தது. காசிமேட்டுப் படகுக்காரர்கள், மார்க்கெட் பெண்கள், இறால் கம்பெனிக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். பூசை முடிந்து கோயில் வளாகத்தில் டீயும் பன்னும் கொடுத்தார்கள். கூட்டத்தில் ஸ்டானிஸ்லாஸும் நின்றார், பக்கத்தில் புது மனைவி. லூர்து டீத் தட்டோடு வருவதைப் பார்த்ததும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சாமியாரிடம் ஏதோ பேசப் போவதுபோல நகர்ந்துவிட்டார்.

புதுப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது. டீயை வாங்கிக்கொண்டு லூர்துவின் கையைப் பிரியமாகப் பிடித்தாள்.

"உங்க வூட்டுக்காரராக்கா? எத்தினி வருசமாச்சு?"

"அஞ்சு."

"அஞ்சு வருசமா? இப்பதான் பூசை வைக்கறீங்களா?"

பன் தட்டோடு பின்னாலேயே வந்த ஆன்சி அப்படியே நின்றுவிட்டாள். இப்போது லூர்து என்ன சொன்னாலும் தகும் என்று நினைத்தாள். திரும்பிப் பார்த்துத் தன்னைக் காட்டட்டும், ஊர் முழுக்கக் கேட்கட்டும் என்றுகூட நினைத்தாள்.

"இப்பதான் எங்களுக்குத் தெரிஞ்சிது" என்றாள் லூர்து. "டீ ஆறிடும், குடிம்மா."